தலை திறந்த நாலு

அப்பாவிடம் மணி என்ன என்று கேட்டால் மணிக்கட்டைப் பார்ப்பார். அவசரமில்லாமல், கையைக் கொஞ்சம் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் படும்படி வைத்துப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் சமையலறைப் பக்கம் திரும்பி, "மணி என்ன ஆச்சு?" என்று அம்மாவிடம் கேட்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அலமாரியில் ஒரு தட்டு முழுக்கக் கடிகாரங்கள் இருந்தன. தினம் ஒன்றை எடுத்துக் கட்டுவார். போன முறை கழற்றி வைத்தபின் அது எந்த நேரத்தில் நின்றதோ அங்கிருந்துதான் மறுபடி ஓடத் தொடங்கும். முள்ளைத் திருப்பிச் சரியான நேரத்துக்கு வைப்பது ஏதோ கடிகாரத்தை வேலை வாங்குவது போல அவருக்குப் படும். "ஓடுதா இல்லையா, அதைப் பாரு" என்பார். ஓடும். ஊருக்குக் காலை எட்டரை என்றால் அவர் கையில் பிற்பகல் மூன்றே முக்கால் ஓடும்.

"இவர் குடியிருக்கிறது இங்க. பிழைப்பு எந்த நாட்டுலயோ," என்று அம்மா சொல்லுவாள்.

இத்தனைக்கும் அவருடைய உத்தியோகம் அளவு பார்ப்பது. எடையளவு ஆய்வாளர். கடைகடையாக ஏறி இறங்கித் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவார். பெட்ரோல் பங்க்கில் வண்டிகள் வரிசையில் நிற்க, கையில் அளவுக் குடுவையோடு குனிந்து நிற்பார். ஒரு சொட்டு குறைந்தாலும் விடமாட்டார். அவர் தெருமுனையில் திரும்பினால் போதும், இறைச்சிக் கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அலுவலகத்தில் பட்டப்பெயர் தராசு. தராசு என்றைக்கும் அலுவலகத்துக்குத் தாமதம்தான். "வர்ற வழியில ஒரு கடையைப் பார்த்துட்டு வந்தேன் சார்" என்று மேலதிகாரியிடம் சொல்லுவார். அதில் பொய் கிடையாது. பார்த்தது கடிகாரக் கடையாக இருக்கும், அவ்வளவுதான்.

மகளும் அளவுத் தொழிலுக்குத்தான் வந்தாள். பம்பு தொழிற்சாலையில் அதிர்வு அளக்கும் பொறியாளர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பாவின் கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்து, எது எவ்வளவு முந்துகிறது, எது பிந்துகிறது என்று வரைபடம் போட்டு அவரிடம் நீட்டினாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாப் பக்கமும் படித்தார்.

"வேலை சுத்தமா இருக்கு," என்றார். "ஆனா பாட்டு கேட்டுட்டு இருக்கறவன்கிட்ட, பாடறவருக்குப் பிரஷர் எவ்வளவுன்னு ரிப்போர்ட் குடுத்த மாதிரி இருக்கு."

சித்தப்பாவுக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். அப்பாவின் தம்பி அவர், மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். லாரி அலுவலகத்தில் சரக்கு பதிவு செய்து ஓய்வு பெற்றவர். அண்ணனின் குரல் அப்படியே அவருக்கும் வாய்த்திருந்தது. வாய் மட்டும் அண்ணனைவிடப் பெரிது.

"ஏண்ணே, இருக்கிறது ஒரு இடது கை. அதுக்கு இத்தனை வாட்ச்சா?"

"உனக்கும் ஒரு வாய்தான். நீ எத்தனை பேச்சு பேசறே."

"மணி பார்க்க ஃபோன் இருக்குண்ணே."

"மணி பார்க்கிறவனுக்கு ஃபோன் போதும்ப்பா. யாரு வேண்டாம்னா?"

அலமாரியில் இருந்தவை எல்லாம் பழையவை. ஏலத்திலும், வீடு காலி செய்பவர்களிடமும், நின்றுபோனதைத் தூக்கிப்போட மனம் வராதவர்களிடமும் வாங்கியவை. புத்தம் புதிதாக, பெட்டியோடு, அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மலையேறிகளுக்கென்று ஒரு பெரிய கம்பெனி செய்யும் எஃகுக் கடிகாரம். கறுப்பு முகம், வெள்ளை முட்கள், மூன்று மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் தேதி ஜன்னல். அப்பாவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். மலையைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

விலையும் பிரச்சினை இல்லை. அதற்கென்று தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். அந்தக் கணக்கைப் பற்றிப் பேச அம்மாவுக்கே அனுமதி கிடையாது. பிரச்சினை, பணம் கொடுத்தால் அதைத் தரமாட்டார்கள் என்பது.

மகளுக்கு இதைப் புரிந்துகொள்ளவே கொஞ்ச காலம் ஆயிற்று. ஒரு பொருள் கடை ஜன்னலில் இருக்கிறது. அது காட்சிக்கு மட்டும். வேண்டுமென்றால் பெயர் கொடுக்க வேண்டும். வருஷத்துக்குச் சிலதுதான் இந்த ஊருக்கு வரும். வருகிற ஒன்றை யாருக்குத் தருவது என்று கடைக்காரர்தான் முடிவு செய்வார். அதற்கு நம் முகம் அவருக்கு நினைவிருக்க வேண்டும். நினைவிருக்க வேண்டுமென்றால் அடிக்கடி போக வேண்டும். அடிக்கடி போனால் அரிக்கிறான் என்று நினைத்துவிடுவார். ஆகவே அடிக்கடியும் போகக் கூடாது.

"இது என்ன கடையா, பெண் குடுக்கிற வீடா?" என்று சித்தப்பா கேட்டார்.

"அங்க நாமதான் பெண் வீடு," என்றார் அப்பா. "அவங்கதான் மாப்பிள்ளை வீடு."

அன்றிலிருந்து அந்தக் கடையின் விற்பனையாளருக்கு வீட்டில் மாப்பிள்ளை என்றே பெயர். மாப்பிள்ளை ஃபோன் பண்ணினாரா, மாப்பிள்ளைக்குச் சளியாம், மாப்பிள்ளை குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாராம். அப்பா சனிக்கிழமைகளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போவார். கம்பளம் விரித்த அறை, குளிர்ந்த காற்று, முதுகுப்பக்கம் உயர்ந்த நாற்காலிகள். ஒரு கோப்பை தண்ணீர் வாங்கிக் குடிப்பார். தன் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஊர் நடப்பு பேசிவிட்டு வந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு அவரே கதவு வரைக்கும் வந்தார்" என்பார். அம்மா, "அடேயப்பா, அப்ப கூடிய சீக்கிரம் நாள் குறிச்சிடலாம்" என்பாள்.

வருஷங்கள் போயின. ஒரு நாள் மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குள் அவருக்கு இதயம் வேறு மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது. கடை வரை போக டாக்டர் விடவில்லை. வந்து சேர்ந்த புதுமாப்பிள்ளையை அவர் நேரில் பார்த்ததே இல்லை. எல்லாம் ஃபோனில்தான். ஆனால் ஃபோனில் அப்பா வெளுத்து வாங்கினார். முதல் பேச்சிலேயே நாலைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

நாலு என்பது தேதி ஜன்னலில் வரும் நாலு. அந்தக் கம்பெனி தேதிச் சக்கரத்தில் நாலை இரண்டு விதமாக அச்சடித்திருக்கிறது. முதலில் வந்தவற்றில் நாலின் தலை திறந்திருக்கும், கையால் எழுதுவது போல. பிறகு வந்தவற்றில் கோடுகள் மேலே கூடி, தலை மூடிக்கொண்டது. மூடிய நாலை அப்பாவுக்குக் கண்டால் ஆகாது. "பார்க்கறதுக்கு வாயை மூடிட்டு முறைச்சுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு" என்பார். புதிதாக வருபவற்றில் மறுபடி திறந்த நாலைக் கொண்டுவரப் போகிறார்கள் என்று எங்கேயோ படித்திருந்தார். புதுமாப்பிள்ளை, அப்படி எதுவும் தனக்குத் தெரியவில்லை என்றார். வரும், பாருங்கள் என்றார் அப்பா. ஃபோன் சூடாகி, அவர் கையை மாற்றிப் பிடித்துக்கொள்ளும் வரை பேச்சு நடந்தது. மாதத்தில் மூன்றே நாள் தலைகாட்டும், ஒன்றரை மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு எண்ணுக்காக.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அவர் கண் மணிக்கட்டுகள் மேலேயே இருந்தது. பெரிய டாக்டர் வந்து நாடி பிடித்துவிட்டுப் போனதும் மகளைக் கிட்டே கூப்பிட்டார். ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறார் என்று அவள் குனிந்தாள்.

"அவர் கட்டியிருக்கிறது டூப்ளிகேட்," என்றார் மெதுவாக. "அவருக்கே தெரியாது போல. நீ சொல்லிடாதே, மனசு கஷ்டப்படும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பா போய்விட்டார். கையில் ஒன்றும் இல்லை. அங்கே கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் அவர் பெயரைக் கோடு போட்டு அடிக்கும் வேலை. ஓய்வூதிய அலுவலகத்தில் அடித்தார்கள். வங்கியில் அடித்தார்கள். எரிவாயு இணைப்பில், நூலகத்தில், வாக்காளர் பட்டியலில் அடித்தார்கள். எல்லா இடத்துக்கும் மகள் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் ஜன்னலில் குனிந்து விஷயத்தைச் சொன்னவர் சித்தப்பாதான். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த வாக்கியத்தை அவள் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. தொழிற்சாலையில்கூடக் "குடும்ப நிமித்தம்" என்று எழுதிக் கொடுத்துத்தான் விடுப்பு எடுத்திருந்தாள்.

இரண்டாவது மாதம் அப்பாவின் ஃபோன் அடித்தது. அதை நிறுத்தாமல் தினம் சார்ஜ் போட்டு வைத்திருந்தவள் அவள்தான். திரையில் மாப்பிள்ளை என்று வந்தது.

"மேடம், சார் இருக்காங்களா? சந்தோஷமான விஷயம். சாரோட வாட்ச் வந்துடுச்சு."

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அப்பா சொல்லிக் கேட்ட விதிதான். ஆள் இல்லையென்றால் பெயர் போய்விடும். கடிகாரம் வரிசையில் அடுத்தவருக்கு. எல்லா இடத்திலும் அடித்தாயிற்று. இந்தக் கடையில் மட்டும்தான் அவர் இன்னும் உயிரோடு, அதுவும் முன்னேறி, முதலிடத்துக்கு வந்து நிற்கிறார்.

"அப்பா குளிச்சிட்டு இருக்காங்க," என்றாள்.

"பரவாயில்ல மேடம். எப்ப வர்றீங்க? சார் நேர்ல வரணும். கையில கட்டிப் பார்த்து, எங்க முன்னாடி பிளாஸ்டிக் உறையை உரிக்கணும். வாங்கி வெளியில விக்கிறவங்க இருக்காங்கள்ல, அதுக்காக ஒரு விதி."

"அப்பாவுக்கு முடியல. படி ஏற இறங்கக் கூடாது."

"அதனால என்ன மேடம், நான் வீட்டுக்கு எடுத்துட்டு வர்றேன். சாரை நேர்ல பார்த்த மாதிரியும் ஆச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு?"

சரி என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்பது உறைத்தது.

அம்மா கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தாள். "ஏண்டி, குளிக்கிறார்னா சொன்னே? ஞாயித்துக்கிழமை வரைக்குமா குளிப்பார்?"

சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் விஷயத்தைக் கேட்டு, சுவரிலிருந்த அண்ணன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, அண்ணன் குரலில், "சொல்லுங்க மாப்பிள்ளை, நாலு என்ன ஆச்சு?" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது.

"என்னமோ பண்ணுங்க. என்னை இழுக்காதீங்க. நான் அடுப்பங்கரையை விட்டு வரமாட்டேன்."

சித்தப்பாவைத் தயார் செய்வது லேசான வேலையாக இல்லை. மகள் ஒரு பழைய கடிகாரத்தை வைத்துப் பயிற்சி கொடுத்தாள்.

"வாங்கின உடனே பின்பக்கம் திருப்பணும் சித்தப்பா. அப்புறம் பக்கவாட்டுல பார்க்கணும். அப்புறம் காதுல வைக்கணும்."

"ஓடுதான்னு பார்க்கவா?"

"ஓடும். சும்மா கேக்கறதுக்கு."

"எவ்வளவு நேரம்?"

"அடுப்புல வெச்ச பால் பொங்கிடும். அப்பா அவ்வளவு நேரம் வெச்சிருப்பாங்க."

"அதான் உங்க வீட்டு அடுப்பு எப்பவும் தீஞ்ச வாடை அடிக்குது. வேற?"

"பேசாதீங்க. அதுதான் முக்கியம். பேசாம பாருங்க."

"அது மட்டும் கஷ்டம்," என்று சித்தப்பா உண்மையைச் சொன்னார்.

ஞாயிறு காலை சுவரிலிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி உள்ளே வைத்தார்கள். ஆணி துருத்திக்கொண்டு நின்றது. அதில் காலண்டரை மாட்டினாள் மகள். சித்தப்பா அப்பாவின் சாய்வு நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்தார். பக்கத்தில் மாத்திரைகள், ஒரு ஃபிளாஸ்க், ஒரு கைத்தடி. கைத்தடி யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ரொம்ப முடியாத மாதிரி இருக்கணுமா, பாதி முடியாத மாதிரியா?"

"பாதி போதும் சித்தப்பா."

பத்து மணிக்குச் சரியாக அழைப்பு மணி அடித்தது. புதுமாப்பிள்ளை கோட்டுப் போட்டிருந்தார். முன் தலையில் முடி கொட்டிய, நாற்பது வயது தாண்டிய மனிதர். ஷூவை வாசலில் கழற்றி ஓரமாக வைத்தார். கையில் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி. மகள் வரவேற்பதற்குள், அடுப்பங்கரையை விட்டு வரமாட்டேன் என்றவள் தலையை நீட்டிவிட்டாள்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க."

இத்தனை வருஷப் பழக்கம். வந்த மனிதர் அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தன் விரலிலிருந்த கல்யாண மோதிரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அம்மா எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க," என்றாள் மகள்.

"நல்ல பழக்கம் மேடம்," என்று சொல்லி அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "சார், எப்படி இருக்கீங்க? உங்களை நேர்ல பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

"இருக்கேன்," என்றார் சித்தப்பா. குரலில் குறையே சொல்ல முடியாது. சமையலறையில் ஏதோ பாத்திரம் கை நழுவி விழுந்தது. சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பி, "அண்ணி, பார்த்து" என்றார்.

வந்தவர் தண்ணீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"அப்பா அம்மாவைச் செல்லமா அப்படித்தான்..." என்று மகள் சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள். அவள் படித்த படிப்பில் இதற்கெல்லாம் பாடம் இல்லை.

மாப்பிள்ளை பண்பான மனிதர். மேலே கேட்கவில்லை. மேஜை மேல் ஒரு பச்சைத் துணித் தட்டை வைத்தார். வெள்ளைக் கையுறைகளைப் போட்டுக்கொண்டார். பெட்டியைத் திறந்து, உள்ளே இன்னொரு பெட்டியைத் திறந்து, கடிகாரத்தை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தார். மகள் அதைப் படத்தில் பார்த்திருக்கிறாள், கடை ஜன்னலில் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் பார்த்தது இப்போதுதான். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. வெள்ளை முள் அதன் மேல் துளித் துளியாக நகரவில்லை, வழுக்கிக்கொண்டு போனது.

"உறையை நீங்களே உரிங்க சார்."

சித்தப்பா உரித்தார். சாக்லேட் தாளை உரிப்பது போல உரித்தார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சங்கிலியை உங்க அளவுக்குக் குறைச்சுக் கொண்டாந்திருக்கேன் சார். காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு, வெயில்ல ஒரு அளவு, எல்லாம் வெர்னியர்ல அளந்து அனுப்பியிருந்தீங்களே. கட்டிவிடறேன்."

அப்பாவின் மணிக்கட்டு ஒல்லி. சித்தப்பாவின் கை லாரி அலுவலகத்தில் மூட்டைகளோடு வளர்ந்த கை. கொக்கி இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது. மாப்பிள்ளை அழுத்திப் பார்த்தார்.

"மாத்திரை," என்றார் சித்தப்பா. "ஊதிட்டேன். எல்லாம் தண்ணி."

"பரவாயில்ல சார், கண்ணி சேர்த்துக்கலாம். கையில வெச்சுப் பாருங்க."

சித்தப்பா வாங்கினார். கற்றுக்கொடுத்தபடி பின்பக்கம் திருப்பினார். பக்கவாட்டில் பார்த்தார். காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகளுக்கு நம்பிக்கை வந்தது. பால் பொங்கும் நேரம் வரை அவர் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் கண்ணைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் மணி பார்த்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து ஒப்பிட்டார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

"என்னப்பா இது, மணி சரியா இருக்கு, தேதி தப்பா இருக்கே. இன்னிக்குப் பத்தொம்போது. இது நாலுன்னு காட்டுது. இவ்வளவு பெரிய கம்பெனி, இதைப் பார்த்து அனுப்ப மாட்டாங்களா?"

மாப்பிள்ளை கையுறைகளைக் கழற்றினார். ஒன்றை மற்றதன் மேல் மடித்து வைத்தார்.

"நான்தான் நாலுல வெச்சேன் சார்," என்றார். "பெட்டியைத் திறந்ததும் முதல்ல நீங்க நாலைப் பார்க்கணும்னு."

சித்தப்பா மகளைப் பார்த்தார். மகள் தட்டருகே வந்து, அவர் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கினாள். தேதி ஜன்னலுக்கு மேல் குனிந்தாள். இரண்டு கோடுகளும் மேலே சேரவில்லை. நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. நாலின் தலை திறந்திருந்தது.

அப்பா சொன்னது சரி. அதைப் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. சாய்வு நாற்காலியை நோக்கித் திரும்பினாள். அதில் சித்தப்பா சால்வையோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா இறந்துட்டாங்க," என்றாள்.

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஏதோ அளவு வாசிப்பது போல. சித்தப்பா சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றாள்.

"எப்போ மேடம்?"

"நீங்க ஃபோன் பண்ணினதுக்கு ஆறு வாரம் முன்னாடி."

"சொல்லியிருந்தா நான் துக்கத்துக்கு வந்திருப்பேனே."

"சொல்லியிருந்தா பேரை அடிச்சிருப்பீங்க."

அவர் யோசித்தார். பொய் சொல்ல மனமில்லாத மனிதர். "அடிச்சிருப்பேன்," என்றார்.

சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. "என் நடிப்புல என்ன குறை? குரல் அப்படியே அண்ணன் குரல்."

"குரல் சரியா இருந்துச்சு சார். ஆனா நீங்க மணி பார்த்தீங்க. வாட்ச் பைத்தியம் பிடிச்சவங்க யாரும் முதல் தடவை கையில வாங்கி மணி பார்த்து நான் கண்டதில்ல. அப்பவும் ஊர்ல ஒருத்தர் அப்படி இருக்கக் கூடாதான்னு நினைச்சேன். சார் போய் நாலைத் தப்புன்னு சொல்லுவாரா?" அவர் மகள் பக்கம் திரும்பினார். "மேடம், எனக்கு இதுக்கு முன்னாடி நாலுல ரெண்டு விதம் இருக்கிறதே தெரியாது. சாரோட பேசின பிறகு கடையில இருக்கிற எல்லாத் தேதியையும் நாலுக்குத் திருப்பிப் பார்த்தேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பிச்சுட்டார்."

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியே அழுதாள். இரண்டும் ஒரே மூச்சில் நடந்ததால் யாரும் சமாதானம் சொல்ல முடியவில்லை.

"இதை நான் எடுத்துட்டுப் போகணும் மேடம்," என்றார் மாப்பிள்ளை. "உறை உரிச்சாச்சு. மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா உங்களுக்குக் குடுக்க முடியாது. அடுத்தவரும் பல வருஷமா காத்திருக்கார்."

"தெரியும்."

"வேணும்னா கொஞ்ச நேரம் வெச்சிருங்க. எனக்கு அவசரம் இல்ல."

மகள் வைத்திருந்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. காதில் மட்டும் வைத்துக்கொண்டாள். அதிர்வெண் என்ன என்று அவளால் கேட்டே சொல்லிவிட முடியும். சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை. அப்புறம் தட்டில், பச்சைத் துணி மேல், மெதுவாக வைத்தாள். மாப்பிள்ளை பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். எழுந்து நின்றார்.

"உக்காருங்க," என்றாள் அம்மா. "ஒரு பேர் காலியாகுதில்ல? என் பேரைப் போட்டுக்கோங்க."

"அண்ணி," என்றார் சித்தப்பா.

"நீ சும்மா இரு தம்பி. நடிச்சுக் கிழிச்சது போதும்."

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "காலியாகிற இடத்துல போட முடியாதும்மா. கடைசியிலதான் போடணும்."

"கடைசியிலயே போடுங்க."

"ரொம்ப வருஷம் ஆகும்மா."

"ஆகட்டும். எனக்கு என்ன வேலை?"

"உங்களுக்கு வாட்ச் பிடிக்குமா?"

"பிடிக்காது. பழகிக்கிறேன். அவரைக்கூட முதல்ல எனக்குப் பிடிக்கத்தான் இல்லை." அம்மா சால்வையைச் சித்தப்பா மடியிலிருந்து எடுத்து மடித்தாள். "அப்பப்ப வந்து தலையைக் காட்டணும், அவ்வளவுதானே? அடிக்கடி வரக் கூடாது. எல்லாம் தெரியும். சனிக்கிழமை வர்றேன். தண்ணி குடுப்பீங்க இல்ல?"

"குடுப்போம்மா," என்றார் அவர். ஃபோனை எடுத்து அம்மாவின் பெயரையும் எண்ணையும் கேட்டுப் பதிந்துகொண்டார். மணிக்கட்டு அளவு வேண்டும் என்றார். கோட்டுப் பையிலிருந்து ஒரு காகித நாடாவை எடுத்தார். அம்மா வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணும் குறிச்சுக்கோங்க," என்றாள் அவர் அளந்துகொண்டிருக்கும்போது. "நடுவுல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இவ உங்ககிட்ட சொல்ல மாட்டா. நான் குளிச்சிட்டு இருக்கேன்னுதான் சொல்லுவா. நீங்க அதை நம்பிட்டு இருக்காதீங்க. மாசம் ஒருதடவை ஃபோன் பண்ணி, என்கிட்டயே குடுக்கச் சொல்லி, நான் இருக்கேனான்னு கேட்டுக்கணும்."